கண்மலரும் பேபி லைட்டும்

1. ஒன்பது மணி

காலை பத்து மணிக்கு அம்மனைச் சுட வேண்டும் என்று அன்றைய ஷூட்டிங் ஷீட்டில் எழுதியிருந்தது. ஒன்பது மணிக்கு முனியம்மா அக்கா டீக் கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டு, சிலைக்கும் கேமராவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"தம்பி ராஜு, உங்க ஸயாகிட்டச் சொல்லிடு. இந்த ஆத்தா கண்ணு மேல குண்டு படணும்னா, மொதல்ல என் மேல பட்டுட்டுப் போகட்டும்."

ஸயா என்று அவர் மரியாதையாகச் சொன்னது எங்கள் டைரக்டர் கோ ஜேயாவை. குண்டு என்று சொன்னாரே தவிர, நிஜக் குண்டு ஒன்றும் கிடையாது. துப்பாக்கி பொம்மை. சிலை தெர்மாகோல். வில்லன் விசையை அழுத்தும்போது ஒருவர் மறைவிலிருந்து நைலான் நூலை இழுப்பார். அம்மனின் இடது கண் தெறித்து விழும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அதே நேரத்தில் அக்காவின் வீட்டுக்காரர் மாரியண்ணன் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இடது கண்.

மீனா, கதிர், இந்தச் சங்கதியின் கடைசிப் பகுதி நம் வீட்டில் நடந்ததால் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. சொல்லாததற்குக் காரணம், அதில் என் தப்பு இருக்கிறது. நான் பர்மா பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன். தமிழ் எழுத்து ஞாயிற்றுக்கிழமைக் கோவில் வகுப்பில் கற்றது. உங்களுக்கும் பர்மா பாஷைதான் வேகமாக வரும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். மெதுவாகப் படியுங்கள்.

2. முதல் நாள் நான் சொன்ன 'சரி'

பதினாறு வருஷம் நான் லைட் அசிஸ்டன்ட். கேபிள் சுருட்டினேன், ஸ்டாண்ட் தூக்கினேன், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினேன். சினிமா, விளம்பரம், கல்யாண வீடியோ எல்லாவற்றிலும் இன்னொருவர் கை காட்டிய இடத்தில் லைட்டை வைத்தேன். லைட் மாஸ்டர் என்று என்னைக் கூப்பிட்ட முதல் படம் இதுதான்.

அலோன் பகுதியில் ஆற்றோரம் ஒரு பழைய அரிசிக் கிடங்கை வாடகைக்கு எடுத்திருந்தோம். முதல் நாள் கோ ஜேயா என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதை சொன்னார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பேசும்போது இரண்டு கையையும் கண்ணுக்கு முன்னால் சட்டம் போலப் பிடித்துக்கொண்டே பேசுவார். அவர் பேசியதெல்லாம் பர்மாவில்தான். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"கோ ராஜு, எல்லாப் படத்துலயும் கெட்டவன்னா கறுப்பு, நல்லவன்னா வெள்ளை. எனக்கு அது அலுத்துப்போச்சு. என் வில்லன் வெள்ளைச் சட்டை, வெள்ளை லுங்கி. விகாரைக்குப் போறவன் மாதிரி சுத்தமா இருப்பான். அவன் நிக்கிற இடமெல்லாம் தலைக்கு மேல டியூப்லைட். ஆஸ்பத்திரி மாதிரி வெளிச்சம். அவன் மேல ஒரு நிழல் விழக்கூடாது."

"அப்ப கறுப்பு யாரு, ஸயா?"

"அம்மா. இந்தக் கிடங்குல மூட்டை தூக்குறவங்க கும்பிடுற காளியம்மா. மூலையில, இருட்டுல, சின்ன விளக்கோட இருப்பாங்க. வில்லன் திருட்டுச் சரக்கு ஏத்தறான், இறக்கறான், ஊரையே ஏமாத்தறான். அந்தக் கறுப்பு முகத்துல இருக்கிற ரெண்டு கண்ணு மட்டும் பாத்துக்கிட்டே இருக்குது. கடைசியில கணக்கப்பிள்ளை போலீசுக்குச் சொல்லப் போறான்னு தெரிஞ்சு, அவனை அங்கேயே வெச்சுக் கொல்றான். அப்பவும் அந்தக் கண்ணு பாக்குது. தாங்க முடியாம அந்தக் கண்ணையே சுடறான்."

எனக்குப் புல்லரித்தது. நல்ல கதை. நம் அம்மனைக் கறுப்பு என்பதால் பயங்கரமாகக் காட்டாமல், கறுப்பு என்பதால் தாயாகக் காட்டுகிற கதை.

அப்போது அவர் கையை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நான் புத்த சமயத்துக்காரன். எனக்கு உங்க முறை தெரியாது. யூனிட்ல இந்து நீங்க ஒருத்தர்தான். பொம்மைச் சிலைதான்னாலும் அதைச் சுடற மாதிரி எடுக்கலாமா? தப்புன்னா இப்பவே சொல்லுங்க. வேற மாதிரி யோசிக்கிறேன்."

பிள்ளைகளா, இதைவிட மரியாதையாக ஒரு மனிதர் கேட்க முடியாது. எனக்கு உள்ளே இடித்தது. ஆனால் பதினாறு வருஷம் கழித்துக் கிடைத்த வேலை. முதல் நாளே 'கூடாது' என்று சொன்னால், சௌகரியமான வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாரோ என்று பயம்.

"ஒண்ணும் தப்பில்லை, ஸயா. வெறும் தெர்மாகோல்தானே" என்றேன்.

3. கறுப்பு மேல் கறுப்பு

சிலையைச் செய்தவள் மா சூ. செட் சாமான் செய்கிற பெண், நல்ல கைக்காரி. நாலடி உயரம், நாலு கை, சூலம். மூக்கு மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. மேலே மினுக்கம் இல்லாத கறுப்புப் பெயின்ட். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்துப் பகலை இருட்டாக்கி, சிலைக்குச் சிவப்புப் புடவை கட்டிக் கேமரா முன்னால் வைத்தோம்.

கோ ஜேயா மானிட்டரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"கோ ராஜு, அம்மா எங்கே? எனக்குப் புடவைதான் தெரியுது. புடவை தானா நிக்குது."

மினுக்கம் இல்லாத கறுப்பு வெளிச்சத்தைக் குடித்துவிடும். எவ்வளவு கொட்டினாலும் திருப்பித் தராது. பின்னால் லைட் வைத்தேன், பக்கத்தில் வைத்தேன். கோவிலில் செய்வது போல முகத்தில் எண்ணெய் தடவிப் பார்த்தேன். அம்மன் சுட்ட கத்திரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. மா சூ வெள்ளைப் பெயின்டில் கண் வரைந்தாள். ஆந்தை முழித்தது போல இருந்தது. யூனிட் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் லைட் மாஸ்டராக முதல் வேலையே தேறவில்லை.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் யோசித்தேன். நம் கோவில் கருவறையில் டியூப்லைட்டா இருக்கிறது? கறுப்புக் கல், இருட்டு அறை. இருந்தும் வாசலில் நிற்கும்போதே அம்மன் நம்மைப் பார்ப்பது தெரிகிறதே, எப்படி? கண்மலர். கல் முகத்தின் மேல் பதித்த வெள்ளிக் கண். ஒரு விளக்கு இருந்தால் போதும், வெள்ளி அதைப் பிடித்துக்கொள்ளும். நம் முன்னோர் லைட்டிங் தெரிந்தவர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை கோவில் வாசல் கடையில் ஒரு ஜோடி கண்மலர் கேட்டேன். கண்ணில் கோளாறு என்றால் வாங்கி அம்மனுக்குக் காணிக்கை போடுவார்களே, அதுதான். கடைக்காரர் எடுத்துக்கொடுத்துக்கொண்டே, "யாருக்குங்க கண்ணுல கோளாறு?" என்று கேட்டார்.

"கேமராவுக்கு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

கிடங்குக்கு வந்தேன். கண்மலரை எடுத்ததும் கை தானாக அதை என் கண்ணில் ஒற்றியது. பிறகு பசை தடவிச் சிலையில் ஒட்டினேன். ஒட்டியதும் கை தானாகப் பையில் இருந்த சூடத்தை எடுத்து ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டியது. எந்தப் புது வேலையையும் நான் அப்படித்தான் ஆரம்பிப்பேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

கேமராவுக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு பேபி லைட்டை வைத்தேன். எங்களிடம் இருப்பதிலேயே சின்ன லைட், ஒரு கையில் தூக்கிவிடலாம். அதை டிம்மரில் மெதுவாக ஏற்றினேன். இருட்டில் இரண்டு கண் திறந்தது. முகம் தெரியவில்லை. முகம் தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. மா சூ தன் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள். "அண்ணே, அனேகஸா செஞ்சாச்சா?"

புத்தர் சிலைக்கு மந்திரம் ஓதி உயிர் கொடுக்கும் சடங்கைப் பர்மாவில் அனேகஸா என்று சொல்வார்கள். நம்மில் கண் திறப்பது போல.

"அதெல்லாம் இல்லம்மா. வெறும் தெர்மாகோல்" என்றேன். இரண்டாவது தரம்.

4. செருப்பு வரிசை

முனியம்மா அக்கா கிடங்கு வாசலில் டீக்கடை வைத்திருந்தார். எங்கள் யூனிட்டுக்கு டீயும் மத்தியானச் சாப்பாடும் அவர்தான். அவர் வீட்டுக்காரர் மாரியண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். இடது கண்ணில் பூ விழுந்து, படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகையில் ஒரு நாள் கால் தப்பிவிட்டது. அரிசி மூட்டையோடு தண்ணீரில் விழுந்தார். அதற்கப்புறம் மேஸ்திரி அவரைப் பலகையில் ஏற விடவில்லை. கண் சரியானால்தான் மறுபடி வேலை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது.

அக்கா டீ கொண்டுவந்தபோது பேபி லைட் எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் அந்தக் கண்ணைப் பார்த்தார். கெட்டிலை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, அது செட்டு. தெர்மாகோல்."

"கோவில்ல இருக்கிறது மட்டும் என்னவாம், கல்லுதானே? இதுக்குக் கண்ணு வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"சூடம் காட்டியாச்சா?"

"காட்டியாச்சு."

"யாரு காட்டுனது?"

நான் கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"நீ காட்டிட்டு இப்ப தெர்மாகோல்ங்கிற. அவருக்குக் கண்ணு கேட்டு நான் எந்தக் கோவிலுக்குப் போகன்னு இருந்தேன். ஆத்தாளே கண்மலரோட என் கடை வாசலுக்கு வந்துட்டா. நீ சும்மா இரு."

அன்றிலிருந்து தினம் காலையில் ஒரு செம்பருத்திப் பூ. அவரைப் பார்த்து மூட்டை தூக்கும் நம் ஆட்கள் வந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பர்மாக்காரர்களும் வந்து, ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கிடங்கு வாசலில் செருப்பு வரிசையாகக் கிடக்கும். அதில் பெரிய ஜோடி வில்லன் நடிகர் ஊ மியாவுடையது. திரையில் அவர் பார்த்தாலே குழந்தைகள் அழும். நேரில் எறும்பை மிதிக்க மாட்டார்.

"கோ ராஜு, எனக்குப் பயமா இருக்கு" என்பார். "என் கையில பொம்மைத் துப்பாக்கி. அந்தம்மா கையில சூலம். எனக்கு ரெண்டு கை, அவங்களுக்கு நாலு. யாரு ஜெயிப்பாங்க, நீங்களே சொல்லுங்க."

கடைசி நாள் என்ன எடுக்கப்போகிறோம் என்று நான் அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஆபரேஷன் அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருப்பார், ஷாட்டை எடுத்துவிட்டுச் சிலையை மூட்டை கட்டிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அது தப்பிலும் தப்பு. அண்ணனோடு அவர் தம்பி போனார். "யூனிட்டுக்குச் சோறு யாரு போடுவா?" என்று அக்கா கடைக்கு வந்துவிட்டார். வந்ததும் ஊ மியா அவரிடம், "அன்ட்டி, என்னை மன்னிச்சிடுங்க, இன்னிக்கு நான் அம்மா கண்ணைச் சுடணும்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

5. மறுபடியும் ஒன்பது மணி

அப்படித்தான் அக்கா நடுவில் வந்து நின்றார்.

மானேஜர் கத்தினார். கிடங்கைச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் காலி செய்தாக வேண்டும். அரிசி வரப்போகிறது. இன்று எடுக்காவிட்டால் படத்துக்கு முடிவே இல்லை. அக்கா அசையவில்லை. கத்துவதெல்லாம் முடியட்டும் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கோ ஜேயாவைப் பார்த்துப் பர்மாவில் பேசினார்.

"ஸயா, நான் உங்க வேலையைக் கெடுக்க வரலை. அங்க அவரு கண்ணுல கத்தி வெக்குற நேரத்துல, இங்க ஆத்தா கண்ணைப் பிடுங்காதீங்க. அவரு கட்டு அவுத்து என்னைப் பாத்துட்டாருன்னா, நானே எடுத்துத் தர்றேன். நீங்க யாரை வேணா சுட்டுக்குங்க."

கோ ஜேயா என் பக்கம் திரும்பினார்.

"கோ ராஜு, முதல் நாளே உங்ககிட்டக் கேட்டேன். தப்பில்லைன்னு சொன்னீங்க."

இந்த இடத்தில் நான் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தம்மாவுக்குப் படிப்பு இல்லை, சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருட்டில் அந்த இரண்டு கண்ணும் பார்த்துக்கொண்டிருந்தன. பேபி லைட்டை நான்தான் ஏற்றி வைத்திருந்தேன்.

"பயத்துல சொன்னேன், ஸயா. முடியாதுன்னா வேலை போயிடும்னு நினைச்சேன். எங்க முறையில அது கூடாது. அதுவும் இப்ப கூடவே கூடாது. கண்ணு வெச்சது நான், சூடம் காட்டினது நான். எங்காளுங்களுக்கு அதுவே போதும்."

அவர் கேபிள் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"புத்தர் சிலையா இருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன். எனக்குத் தெரியலை, அதனாலதான் உங்ககிட்டக் கேட்டேன். தெரியாதவன் வேற யாருகிட்டப் போய்க் கேக்கிறது?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இத்தனை வருஷத்தில் எனக்கு விழுந்த பெரிய அடி அந்தக் கேள்விதான்.

"அரை மணி நேரம் குடுங்க, ஸயா" என்றேன்.

அப்படிக் கேட்டபோது, என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே முழுசாகத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அந்தக் கண்ணுக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. என் பேபி லைட்டிடம் கடன் வாங்கித்தான் மின்னுகிறது. அப்படியானால் கண்ணை அணைக்கக் கண்ணைத் தொட வேண்டியதில்லை.

ஊ மியாவைக் கூப்பிட்டுச் சிலைக்கு முன்னால் நடக்கச் சொன்னேன். வெள்ளை உடம்பு மெல்ல லைட்டின் குறுக்கே வந்தது. ஒரு கண் அணைந்தது. இன்னொரு அடி வைத்தார். மற்றக் கண்ணும் அணைந்தது. ஆனால் முழுசாக அணையவில்லை. தலைக்கு மேல் இருந்த டியூப்லைட் அவர் வெள்ளைச் சட்டையில் பட்டுத் தெறித்து வெள்ளியில் மங்கலாகத் தெரிந்தது. டியூப்லைட்டின் ஒரு பக்கத்தில் கறுப்பு அட்டை கட்டினேன். இப்போது முழு இருட்டு.

"ஸயா, அவன் கண்ணைச் சுட வேண்டாம். மறைச்சுக்கிட்டு நிக்கட்டும். வெள்ளைச் சட்டைக்காரன் குறுக்கே வந்ததும் அம்மா கண்ணு அணைஞ்சுடுது. இனி யாரும் பாக்கலைன்னு நினைக்கிறான். திரும்பிக் கணக்கப்பிள்ளையைச் சுடறான்."

துப்பாக்கி வெடிக்கும் பளிச்சை நாங்கள் லைட்டில்தான் செய்வோம். ஒரு சின்ன எல்.ஈ.டி. பேனலைப் பக்கவாட்டில் கையில் பிடித்துக்கொண்டு, சரியான நொடியில் பொத்தானை அழுத்தி எடுக்க வேண்டும். அதை ஒத்திகை பார்க்க ஒரு தரம் அழுத்தினேன்.

வில்லனின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்து மூடின.

நான் அதை யோசித்து வைக்கவில்லை, பிள்ளைகளா. உண்மையைச் சொல்கிறேன். பக்கவாட்டிலிருந்து வந்த வெளிச்சத்தை வெள்ளி பிடித்துக்கொண்டது. கோ ஜேயா பெட்டியிலிருந்து எழுந்து நின்றார். இரண்டு கையும் சட்டம் போலக் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன.

"இன்னொரு தரம்" என்றார்.

அழுத்தினேன்.

"அவன் சுடற வெளிச்சத்துலதான் அம்மா பாக்கறாங்க" என்றார். "நான் எழுதினதைவிட இது நல்லா இருக்கு. அன்ட்டி, இது சரியா? இந்தத் தரம் உங்ககிட்டயே கேக்கறேன்."

அக்கா சிலையைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். "அந்த நூலை அவுத்துட்டு எடுங்க" என்றார்.

மா சூ ஓடிப்போய் நூலை அறுத்தாள்.

நாலு டேக் எடுத்தோம். முதல் டேக்கில் நான் அவசரப்பட்டு முன்னாலேயே அழுத்திவிட்டேன். இரண்டாவதில் ஊ மியா கும்பிட்டுவிட்டார். மூன்றாவதில் பளிச்சென்ற அதே நொடி, பின்னால் இருந்து அக்கா, "ஆத்தா முழிச்சுட்டா!" என்று கத்திவிட்டார்.

"கட்! யாரது?" என்று சவுண்ட் ஆள் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கோ ஜேயா சிரித்துவிட்டார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். நான் பர்மாவில் சொன்னேன். "ஜனங்க தியேட்டர்ல இதே மாதிரி கத்தினா எனக்குப் போதும்" என்றார்.

நாலாவது டேக் சரியாக வந்தது. சோறு போடும் நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. ஆபரேஷன் முடிந்துவிட்டது. கட்டு மறுநாள் காலையில்தான் அவிழ்ப்பார்கள். அதுவரை ஒன்றும் சொல்ல முடியாதாம்.

6. நம் வீட்டில் ஒரு நாள்

ஐந்து மணிக்குக் கிடங்கைக் காலி செய்ய வேண்டும். மறுநாள் காலை வரை அம்மன் கண்ணோடு இருக்க வேண்டும். அக்கா வீடு மூன்றாம் மாடி, படி ஏணி மாதிரி. சூலத்தோடு ஏறாது. அதனால்தான் அன்று சாயங்காலம் லைட் வேனில், கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில், காளியம்மா தின்கன்ஜூனில் நம் வீட்டுக்கு வந்தாள்.

உங்கள் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "லைட்டைக் கொண்டு வருவீங்க, கேபிளைக் கொண்டு வருவீங்க. இப்ப சாமியையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். ஆனால் அவள்தான் இன்வர்ட்டர் பேட்டரியைத் தள்ளி இடம் பண்ணி, கீழே கோலம் போட்டாள்.

மீனா, நீ அப்போது இரண்டாம் வகுப்பு. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு, வெயிலுக்குப் பூசும் தனகாக் கட்டையைச் சந்தனம் போல உரசி நீ பூசிக்கொண்டது போக மிச்சத்தை அம்மன் கன்னத்தில் இரண்டு வட்டமாகப் பூசிவிட்டாய். நான் பார்த்ததும் பதறிப்போய் உன்னைத் திட்டினேன். கறுப்பு முகத்தில் மஞ்சள் வட்டம் இரண்டும் தெருவிலிருந்தே தெரிந்தது. நீ அழவில்லை. "அவங்களும் வெயில்ல வேலை செய்யறவங்கதானேப்பா" என்றாய். கதிர் கட்டில் மேல் ஏறி நின்று கை தட்டினான். துடைக்கலாம் என்று நான் துணி எடுத்து வருவதற்குள் வாசலில் டாக்சி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்கள். மாரியண்ணன் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் அண்ணன், "வெளிச்சம் தெரியுது" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லையாம். அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா அவரைச் சிலைக்கு முன்னால் நிறுத்தினார். அண்ணன் கண்ணாடியைத் தூக்கினார்.

"தூக்காதீங்க! டாக்டர் என்ன சொன்னாரு?"

"சும்மா இரு புள்ள."

வெகு நேரம் பார்த்தார். கும்பிடப்போகிறார் என்று நான் தள்ளி நின்றேன்.

"ராஜு, என்னப்பா இது, மூக்கு கோணலா இருக்குது" என்றார். "கன்னத்துல யாரு தனகா பூசினது? ரெண்டும் ஒரே அளவா இல்லையே. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

அக்கா அவருடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். "இப்பச் சொல்லுங்க. எது பெருசு?"

"இந்தப் பக்கம் இருக்கிறது" என்று விரலை நீட்டிச் சரியாகத் தொட்டார். விரலில் தனகா ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "ஏண்டி, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

அக்கா அவர் தோளில் ஒரு அடி அடித்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். உங்கள் அம்மாவும் சேர்ந்து அழுதாள். எதற்கென்று தெரியாமல் கதிரும் அழுதான். நீ மட்டும், "நான்தான் பூசினேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

கண்மலரை மாரியண்ணனே தன் கையால் எடுத்தார். அன்றே கோவிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட்டார்கள். கண் போனதும் அது மறுபடி தெர்மாகோல் ஆகிவிட்டது. மா சூ வந்து எடுத்துப்போனாள். கன்னத்துத் தனகாவை அவளும் துடைக்கவில்லை.

கோ ஜேயா அடுத்த படத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். முதல் நாள் கதை சொல்லி முடித்துவிட்டு, "இதுல ஏதாவது தப்பு இருக்கா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியலை, ஸயா. கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். இப்போது எங்கள் இருவருக்கும் அதுதான் வழக்கம்.

நான் கற்றது இவ்வளவுதான். உங்களை நம்பி ஒருவர், 'இது சரியா?' என்று கேட்டால், அவருக்குப் பிடித்த பதிலையோ உங்களுக்குச் சௌகரியமான பதிலையோ சொல்லாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். பதினாறு வருஷம் கேபிள் தூக்கிக் கற்காததை நான் அந்த ஒரு காலையில் கற்றேன்.

அந்தப் படத்தைப் போனில் பார்க்கும்போது நீங்கள் இருவரும் சண்டைக் காட்சி வரை தள்ளிவிட்டுப் பார்க்கிறீர்கள். கடைசியில் கிடங்குக் காட்சி வரும்போது மட்டும் தள்ளாதீர்கள். வெள்ளைச் சட்டைக்காரன் குறுக்கே வருவான், கண் இரண்டும் அணையும், அவன் திரும்புவான். அதற்கப்புறம் ஒரு நொடிதான். கண் திறக்கிற அந்த நொடியில், படத்துக்கு வெளியே, பொத்தான் மேல் இருப்பது உங்கள் அப்பாவின் விரல்.